பதினொரு பரப்பு

கச்சேரியின் இரண்டாம் மாடி,
வரைபடப் பிரிவு, மின்விசிறி பழுது.
நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது என் வேலை.
வன இலாகா அனுப்பியது கரும்பச்சை.
கமநல சேவைக்குக் கடுகு மஞ்சள்.
கரையோரப் பாதுகாப்பு நீலக் கோடுகள், சாய்வாக.
முள்ளுக்கம்பிக் காலத்துச் சிவப்பைப்
போன வருசம்தான் அழித்தோம்.
அழித்த இடத்தில் இன்னும் ஒரு வெளிறல் கசிகிறது.
அச்சுப்பொறியின் கோளாறு என்கிறார் மதிசூடி ஐயா.

வல்லை வெளிக்கு வடக்கே
நான்கும் வந்து விழுந்த ஒரு துண்டு.
பதினொரு பரப்பு.
உறுதி: திலகேஸ்வரி அருளம்பலம்.
திரையில் அது சேற்று நிறம்.

போய்ப் பார்த்தோம்,
ஒரு ஜீப்பில் மூன்று திணைக்களம்.

இருபத்தாறு வருசம் ஆளில்லாமல் கிடந்த காணி.
உழாத நிலம் சும்மா இருக்காது.
விடத்தல் வந்தது, நாயுண்ணி வந்தது,
பனங்கொட்டை விழுந்த இடமெல்லாம் வடலி.
செய்மதி மேலிருந்து பார்த்துக்
காடு என்று எழுதிக்கொண்டது.
யார் எழும்பிப் போனார்கள் என்று அதற்குத் தெரியாது.
எது முளைத்தது என்று மட்டும் தெரியும்.

வன அதிகாரி விஜேதுங்க கெட்டவரில்லை.
ஒரு வேம்பின் இடுப்பை நாடாவால் சுற்றி அளந்தார்,
பிள்ளைக்குச் சட்டை தைக்க அளப்பதுபோல.
"இவ்வளவு காபன் என்று கணக்குக் கொடுத்தாயிற்று, மிஸ்.
இனி வெட்டினால் கணக்குப் பிழைக்கும்."
கணக்கு கொழும்பில் இருக்கிறது.
வேம்பு இங்கே நிற்கிறது.
கமநல உத்தியோகத்தர் நிழலுக்கு ஒதுங்கியபடி சொன்னார்:
வெட்டாவிட்டால் மானியம் இல்லை,
பத்தைக்கு உரம் கொடுக்கச் சுற்றறிக்கை இல்லை.
அந்த நிழல் பத்தையின் நிழல்.

அவள் கிணற்றடியில் நின்றாள்.
முதலில் தண்ணீர் தந்தாள், குடித்துப் பாருங்கோ என்று.
இனிப்பில்லை. ஆனால் உப்புமில்லை.
பிறகு ஒரு சோடாப் போத்தலை நீட்டினாள்.
பக்கத்துக் காணித் தண்ணீர்,
டோசர் விட்டு ஒரே நாளில் வெளியாக்கி
வெங்காயம் வைத்தவர்களுடையது.
மூன்றாம் போகத்தில் கிணறு உவர்.
விஜேதுங்க துப்பினார். மன்னிப்பும் கேட்டார்.

"மேற்கால கிடக்கிற பத்தைதான்
மாரித் தண்ணியை மறிச்சுக் கீழ இறக்குது.
அதை வழிச்சா வெள்ளம் தொண்டைமானாத்துக்கு ஓடும்,
அங்கயிருந்து உப்பு இஞ்ச ஏறும்.
வேலிப் பூவரசங் குழையைத் தாழ்த்தினா
அரை மூடை யூரியா மிச்சம்.
மூண்டு பரப்பு பத்தையாவே கிடக்கட்டும்.
எட்டில நான் தோட்டம் செய்யிறன்.
ஆனா பத்தையும் என்ர பேரில கிடக்கட்டும்."

கடைசி வரியை இரண்டு தரம் சொன்னாள்.
நான் சிங்களத்தில் சொன்னேன்.
'பேரில்' என்ற இடத்தில் நாக்குத் தடக்கியது.
ஜீப் திரும்பும்போது ஒருவரும் கதைக்கவில்லை.
மூவருடைய சப்பாத்திலும் ஒரே செம்பாட்டு மண்.

கணினியில் நாலு பெட்டி:
காடு. பயிர்ச்செய்கை. ஈரநிலம். ஏனையவை.
ஒன்றைத்தான் தெரியலாம்.
எல்லாரும் போனபின் புதிதாக ஒரு நிறம் கலந்தேன்,
காய்ந்த பூவரசிலையின் பின்பக்கம் மாதிரி.
இதற்குப் பெயர் என்ன என்றார் மதிசூடி ஐயா, காலையில்.
திலகேஸ்வரி என்று எழுதியிருந்தேன்.
ஆளின் பெயர் நிலப்பயன்பாடு ஆகாது என்று
அழித்தார், மெதுவாக, எழுத்தெழுத்தாக.
நிறத்தை அழிக்கவில்லை.

கூட்டம் தைக்கு ஒத்திவைப்பு.

கார்த்திகை நாலாம் நாள் தொலைபேசி.
"மிஸ், முடிவு வந்ததோ? நடுகைக்கு நாள் போகுது."
அவளுக்குப் பின்னால் மழை.
வெறும் மண்ணில் விழும் மழைக்கு ஒரு சத்தம்,
பத்தையில் விழுந்து வடியும் மழைக்கு வேறொன்று.
இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.
"மிஸ்?" என்றாள்.
அதோடு அவளுடைய காசு முடிந்தது.